நெரிசல் நகரில் பூங்கா தேடுவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாகக் குடிவந்திருக்கும் பகுதியில் எங்கு திரும்பினாலும் கட்டடம்தான். நகரத்தின் பெரிய பூங்காவுக்குப் போய்வரவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பக்கத்தில் வேறு எதுவும் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தெருவில் நடந்து தேடினால் கண்ணில் படாது, மேலிருந்து தேடுங்கள். கைப்பேசி வரைபடத்தைச் செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பச்சையாகத் தெரியும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல கல்லூரி வளாகமாகவோ கல்லறைத் தோட்டமாகவோ தனியார் குடியிருப்பின் புல்வெளியாகவோ இருக்கும். அவற்றைக் கழிக்க, அதே இடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாருங்கள். தன்னார்வலர்கள் வரையும் வரைபடம் அது. பெரிய வரைபடங்கள் விட்டுவிடும் துண்டுப் பூங்கா, உள்நடைபாதை, பின்பக்க வாயில் ஆகியவை அதில் பல நேரம் கிடைக்கும்.

வாயில் எங்கே என்பதுதான் முக்கியம். சுவரை ஒட்டியே வீடு இருக்கும், வாயிலோ மறுபக்கம் இருக்கும். 200 மீட்டரில் தெரியும் பூங்காவுக்கு 900 மீட்டர் சுற்றிப் போக வேண்டிவரும். அதனால் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பாமல், வாயில் வரை நடக்கும் வழியைப் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய ஐந்து நிமிட நடையில், குறைந்தது அரை ஹெக்டேர் பொதுப் பசுமை இடம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு சொல்லும் அளவுகோல். உங்கள் பகுதி அதை எட்டுகிறதா என்று இந்தத் தேடலிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. நியூயார்க் நகரம் 1961-ல் கட்டட விதிகளைத் திருத்தியபோது, தரைமட்டத்தில் பொதுமக்களுக்கு இடம் ஒதுக்கும் கட்டடத்துக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி தந்தது. வேறு நகரங்களிலும் இதுபோன்ற ஏற்பாடுகள் வந்தன. அலுவலகக் கோபுரங்களுக்கு இடையே மரமும் இருக்கையுமாகத் தென்படும் முற்றம் உங்களுக்கும் உரியதாக இருக்கலாம். நுழையும் இடத்தில் திறப்பு நேரம் எழுதிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதில் இருந்தால் தயங்காமல் உள்ளே போய் உட்காரலாம்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் இருப்பது நாலு பெஞ்சும் ஆறு மரமும் கொண்ட துண்டு நிலம். வண்டிச் சத்தம் காதைப் பிளக்கிறது. இதையெல்லாம் பூங்கா என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நியூயார்க்கில் 1967-ல் திறக்கப்பட்ட பேலி பூங்கா 400 சதுர மீட்டருக்கும் குறைவு. மூன்று பக்கம் சுவர், கடைசிச் சுவரில் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், மெல்லிய நிழல் தரும் மரங்கள், விருப்பம்போல் நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகள், அவ்வளவுதான். தண்ணீர் விழும் ஓசை தெருச் சத்தத்தை அமுக்கிவிடுகிறது. சிறு பூங்காக்களுக்கு இன்றும் அதையே முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

உங்கள் பூங்காவில் அருவி இல்லாவிட்டாலும் இடம் பார்த்து உட்காரலாம். ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 3 டெசிபல்தான் குறையும். 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போவதால் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒற்றை வரிசைச் செடிவேலி வண்டிகளைப் பார்வையிலிருந்து மறைக்கும், சத்தத்தை மறைக்காது. சத்தத்தைத் தடுப்பது கனமான பொருள்தான்: சுவர், மண்மேடு, கட்டடத்தின் மூலை. அப்படி ஏதாவது உங்களுக்கும் சாலைக்கும் நடுவே வரும் பெஞ்சைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியை வைத்து ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு நிமிடம் அளந்தால் போதும். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் எந்த பெஞ்ச் அமைதியானது என்று ஒப்பிட அது உதவும்.

கேள்வி: விடியற்காலையில் பூங்காவுக்குப் போனால் சுத்தமான காற்று கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எல்லா நாளும் உண்மையில்லை. காற்று அசையாத குளிர்ந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் நின்றுவிடும். புகையும் நுண்தூசியும் அதற்குக் கீழே தேங்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது கலையும். அப்படிப்பட்ட நாளில் விடியலைவிட, சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நடப்பது மேல். கோடை வெயில் நாளில் நிலைமை தலைகீழ். வண்டிப் புகையின்மேல் வெயில் பட்டு உருவாகும் ஓசோன் பிற்பகலில்தான் உச்சம் தொடும், அப்போது காலைதான் நல்லது. நகரின் காற்றுத் தர அளவீட்டை மணிவாரியாக ஒரு வாரம் கவனித்தால் உங்களுக்கான நேரம் பிடிபட்டுவிடும்.

இடமும் முக்கியம். சாலையோரக் காற்று மாசு முதல் 100, 150 மீட்டருக்குள்ளேயே வேகமாகக் குறைகிறது. பல பூங்காக்களில் நடைபயிற்சிப் பாதையைச் சுற்றுச்சுவரை ஒட்டியே போட்டிருக்கிறார்கள், அதாவது மாசு மிகுந்த ஓரத்திலேயே. சுற்று நீளமாகக் கிடைக்கும் என்பதற்காகச் செய்வது. உள்வட்டத்தில் பாதை இருந்தால், இரண்டு சுற்று கூடுதலாக நடக்க வேண்டிவந்தாலும் அதையே எடுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பகலில் மர நிழல், இருட்டிய பின் திறந்த புல்வெளி. பகலில் இலைகள் வெயிலைத் தடுத்து, நீராவி விட்டுக் காற்றைக் குளிர்விக்கின்றன. இரவில் திறந்த புல்தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுச் சீக்கிரம் குளிர்கிறது, அடர்ந்த மரக்கூரையோ அந்த வெப்பத்தைக் கீழேயே பிடித்துவைக்கிறது.

கேள்வி: அப்பாவைச் சக்கர நாற்காலியில் பூங்காவுக்கு அழைத்துப் போக ஆசை. போவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: தனியாக ஒருமுறை போய், டேப்பும் கைப்பேசியும் வைத்து அளந்து வாருங்கள். முதல் தடை பெரும்பாலும் வாயில்தான். இருசக்கர வண்டிகளைத் தடுக்க நட்ட கம்பங்களுக்கு நடுவே 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சுழல் கதவு மட்டும் இருந்தால், பணியாளர்கள் திறக்கும் பக்கவாயில் எது, எந்த நேரத்தில் திறப்பார்கள் என்று கேட்டுவையுங்கள். பாதை 1.2 மீட்டர் அகலம் இருந்தால் ஒரு நாற்காலி போகும், எதிரே இன்னொன்று வந்தால் கடக்க 1.8 மீட்டர் வேண்டும்.

சரிவை அளக்கக் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் வசதியே போதும், தரையில் வைத்துக் கோணத்தைப் படியுங்கள். 3 டிகிரிக்குள் இருந்தால் வசதி. சரிவுப்பாதைக்குப் பொதுவாகச் சொல்லும் உச்சவரம்பு 12-க்கு 1, அது 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது பிடி நழுவும் ஆபத்தும் உண்டு. பாதை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. நாற்காலி ஓரமாக இழுத்துக்கொண்டே போகும், ஒரே கை நோகும்.

உதிரிச் சரளைக்கல் பாதையில் முன்சக்கரம் புதையும். வேறு வழியில்லை என்றால் நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இழுத்துக் கடப்பது எளிது. அகலக் கதவுள்ள கழிவறை இருப்பது மட்டும் போதாது, அது பூட்டாமல் இருக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாவரவியல் பூங்காவில் பெயர்ப்பலகைகளைப் படிக்கிறேன், ஒன்றும் மனதில் நிற்பதில்லை. அரை மணியில் சலித்துவிடுகிறது.

பதில்: எல்லாவற்றையும் படிக்க முயல்வதுதான் காரணம். ஒரு வருகைக்கு ஐந்து மரம் போதும். ஆனால் பலகையை முழுதாகப் படியுங்கள், அதில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. சாய்ந்த எழுத்தில் உள்ள இரண்டு சொற்களில் முதலாவது பேரினம், அடுத்தது சிற்றினம். ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பது மனிதர் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ரகம். நடுவே பெருக்கல் குறி இருந்தால் இரண்டு இனங்களின் கலப்பு. ‘ஏசியே’ என்று முடியும் சொல் குடும்பத்தின் பெயர். ஃபேபேசியே என்று கண்டால் அது அவரைக் குடும்பம். அடுத்த பலகையிலும் அதே பெயர் வந்தால், இரண்டிலும் காய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், உறவு விளங்கிவிடும்.

மூலையில் 1987-0412 என்பதுபோல் சிறிய எண் இருக்கும். அது பூங்காவின் பதிவேட்டு எண். பல தாவரவியல் பூங்காக்களில் முதல் நான்கு இலக்கம் அந்தச் செடியோ விதையோ பூங்காவுக்கு வந்த ஆண்டைக் குறிக்கும். எண்ணுக்குப் பின் ஏ, பி என்று எழுத்து வந்தால், ஒரே தொகுதியில் வந்த உடன்பிறப்புகள் அவை. வயதையும் பருமனையும் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி, வரும் அளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்.

உயரத்துக்கு ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து பிடி வரை உள்ள தூரமும் பிடிக்கு மேலே நிற்கும் குச்சியின் நீளமும் சமமாக இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் நுனி மர உச்சியிலும் பிடி மரத்தின் அடியிலும் பொருந்தும்வரை பின்னால் நகருங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம். நிலம் சரிவாக இருந்தாலோ மரம் சாய்ந்திருந்தாலோ கணக்குத் தவறும். மரத்தில் படர்ந்த கொடிக்கு உரிய பலகையை மரத்தின் பெயராக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும் தவறு, இலையை ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொதுமக்களுக்கான பூங்காவில் புல்மேல் நடக்கக் கூடாது என்று எழுதி வைப்பது நியாயமா?

பதில்: ஆண்டு முழுக்கத் தடுத்தால் நியாயமில்லை. மழை பெய்த மறுநாள் தடுத்தால் முழு நியாயம். ஈரமண்ணை மிதித்தால் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் நசுங்கிவிடும், வேருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது, கிளைவிரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆகவே மரத்தடியில் மண் வெளுத்து, கல்போல் இறுகி, மழைநீர் தேங்கி நின்றால் அந்த இடத்துக்கு ஓய்வு தேவை.

கேள்வி: விடுமுறை நாளில் நான்கைந்து பூங்காக்களைத் தொடர்ச்சியாக நடந்து பார்க்கத் திட்டமிடுகிறேன். எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: மொத்தம் 8 கிலோமீட்டர். தெருவில் மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர்கூடப் பூங்காவுக்குள் நின்று பார்த்துப் போனால் 2 கிலோமீட்டர்தான் நகர்வார், அதனால் 4 மணி நேரம் ஒதுக்குங்கள். சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கவே 300 கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். அப்படி இல்லாத நகரத்தில் ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, பழைய ரயில் தடம் ஆகியவற்றை இணைப்பாகப் பயன்படுத்துங்கள்.

கடைசிப் பூங்கா ரயில் அல்லது பேருந்து நிலையத்துக்கு அருகில் அமையட்டும். எல்லாவற்றின் வாரவிடுமுறையையும் பாருங்கள். கட்டணம் உள்ள தோட்டங்கள் மூடுவதற்கு அரை மணிக்கு முன்பே நுழைவை நிறுத்திவிடுவது வழக்கம், அதனால் அவற்றை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்கு. முந்தின நாள் பலத்த காற்று அடித்திருந்தால் பெரிய மரங்களுக்கு அடியில் உட்காரும் முன் அண்ணாந்து பாருங்கள். முறிந்து தொங்கும் கிளை இருந்தால், அல்லது அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால், அந்த மரத்தடியை விட்டு வேறு இடம் பாருங்கள்.