மும்பையில் கிரிமினாலஜி படித்தால் துப்பறியும் வேலைக்குப் போகலாமா?

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, துப்பறியும் வேலைக்காக மும்பையில் கிரிமினாலஜி படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக என்றால் வேண்டாம். ரத்தக்கறை, கைரேகை, டி.என்.ஏ. எல்லாம் தடய அறிவியல்; அதற்கு அறிவியல் பட்டம் தேவை. வழக்கை விசாரிக்க ஆசை என்றால் போலீஸ் தேர்வு எழுதுங்கள்.

ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், எது குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், பிடிபட்டவன் கதி என்ன என்பவைதான் கிரிமினாலஜியின் கேள்விகள். வரலாறு படித்த உங்களுக்கு இது கைகொடுக்கும். பிறந்த சாதியை வைத்தே மனிதர்களைக் குற்றவாளிகளாக்கிய 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும், அந்தச் சட்டத்தின் பேரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920-இல் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டையும் அறியாமல் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள முடியாது.

நான் தாராவியில் வளர்ந்தவள்; தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்தேன். அங்கே இது சமூகப்பணி முதுகலைக்குள் வரும் படிப்பு. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். வகுப்பைவிட எனக்குக் கற்றுக்கொடுத்தது களப்பணிதான்.

கோர்ட் வராந்தாவில் ஒரு திருநெல்வேலி அம்மா என் தமிழைக் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாமீன் கொடுத்தாகிவிட்டது என்று வக்கீல் சொல்லிவிட்டாரே, பிறகு ஏம்மா என் பிள்ளையை விடவில்லை?" பிளாஸ்டிக் பையில் இருந்த காகிதங்களைப் பார்த்தேன். ரேஷன் கார்டு கொழுந்தனார் பெயரில். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில். ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பிணையாளியாக நிற்க, சம்பளச் சீட்டோ சொத்தோ உள்ள ஒருவர்கூட அந்தக் குடும்பத்தில் இல்லை. பிணையாளிக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதி கேட்டு மனு எழுத வேண்டியிருந்தது. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர், வழக்கு இன்னும் முடியாத விசாரணைக் கைதிகள். அந்தக் கணக்குக்குள் இப்படிப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜாமீன் கிடைத்தும் ஒரு வாரத்துக்குள் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சிறைக்கும் கோர்ட்டுக்கும் நடக்க ஆள் வேண்டும். இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு உரிய வேலை அது. சட்ட உதவி மையங்கள், சிறுவர் இல்லங்கள், கைதிகளுக்காக உழைக்கும் தொண்டு அமைப்புகள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் குர்லா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பொதுவாக யாரும் போய்ப் பார்க்கலாம். மராத்தி வாசிக்கவும் இப்போதே தொடங்குங்கள். இங்கே குற்றப்பத்திரிகை பெரும்பாலும் மராத்தியில்தான் இருக்கும்.