குப்பை, மோட்டார், தெருவிளக்கு: கடலூரில் உள்ளாட்சி கரியமில வாயுவைக் குறைப்பது பற்றி சில கேள்விகள், பதில்கள்

உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் வாரத்தில் நான்கு நாள் காலையில் ஒரு நுண் உரக்கூடத்தில்தான், அதாவது ஈரக் குப்பையை உரமாக்குகிற சின்னக் கூடத்தில்தான் இருப்பேன். பருவநிலை மாற்றம், கரியமில வாயு, மரம், ஆமை என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (வண்டிப்பாளையம்): அக்கா, ஊரே வெப்பமாகுது, கார்பனைக் குறைக்கணும்னு சொல்றாங்க. மாநகராட்சிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அவங்க குப்பை அள்ளுறவங்கதானே?

அந்தக் குப்பையில்தான் பெரிய சம்பந்தமே இருக்கிறது, தம்பி. சமையலறைக் கழிவைக் கொண்டுபோய் மேடாகக் குவித்தால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் என்ற வாயு வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். ஒரு டன் ஈரக் குப்பை, தாழ்வான மேட்டில் கிடந்தால் சுமார் அரை டன், உயரமாகக் குவிந்த மேட்டில் கிடந்தால் ஒரு டன் வரை கரியமில வாயுவுக்குச் சமமான கெடுதலைச் செய்கிறது.

உங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம். நூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 350 கிராம் குப்பை. அதில் பாதி ஈரக் குப்பை என்றால் நாளைக்கு 70 கிலோ, வருடத்துக்கு 25 டன். இதை மேட்டுக்கு அனுப்பாமல் உரமாக்கினாலே, குறைத்துக் கணக்கிட்டாலும், 12 டன் மிச்சம். நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருடத்துக்கு 20 கிலோ அளவில்தான் இழுக்கும். அப்படியென்றால் உங்கள் ஒரு தெரு பச்சைத் தொட்டியை, அதாவது ஈரக் குப்பைத் தொட்டியை, ஒழுங்காக வைப்பது 600 மரம் வளர்ந்து நிற்பதற்குச் சமம். மரம் நடும் விழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதி பேர் இந்தத் தொட்டிப் பக்கம் வந்தால் போதும் என்று நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

கேள்வி (புதுப்பாளையம்): நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?

இந்தக் கோபம் நியாயம். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் ஆறு மாதம் இப்படித்தான் நடந்தது. வண்டியில் நடுத்தடுப்பு துருப்பிடித்து விழுந்துவிட்டது, மாற்றச் சொல்லி எழுதிய கடிதம் மேசையிலேயே கிடந்தது. அந்த ஆறு மாதத்தில் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளில் முக்கால்வாசி விட்டுவிட்டார்கள். தடுப்பு வந்த பிறகு அவர்களைத் திரும்பப் பழக்க ஒன்றரை வருடம் ஆனது. அதனால் வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் சும்மா இருக்காதீர்கள், வண்டி எண்ணோடு, தேதியோடு எழுதிக் கொடுங்கள். திடக்கழிவு விதிகள் 2016ல் வந்தபோதே வீட்டிலேயே தரம் பிரிப்பது, பிரித்ததைத் தனித்தனியாக வாங்குவது இரண்டும் கட்டாயமாகிவிட்டது. நமக்கு ஒரு கடமை இருப்பது போல அவர்களுக்கும் உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளரைத் திட்டாதீர்கள். நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் சோற்றுக்குள் சுருட்டிப் போடுகிற பையை வெறும் கையால் பிரிப்பவர் அவர்தான்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): உரக்கூடம் பக்கத்தில் வந்தால் நாறும் என்று எங்கள் தெருவில் எதிர்க்கிறார்கள் மேடம். உண்மையா?

சரியாக நடத்தினால் நாறாது. நாறினால் எங்கோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். தொட்டியைச் செங்கல் விட்டுவிட்டு இடைவெளியோடு கட்டியிருப்பார்கள், காற்று போய் வருவதற்கு. அடியில் காய்ந்த சருகு, அதன்மேல் ஈரக் குப்பை, அதன்மேல் சாணக் கரைசல், மறுபடி சருகு. மூன்றாம் நாள் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் கம்பியைப் பிடிக்க முடியாது, அவ்வளவு சூடு. மார்கழிக் காலையில் கிளறும்போது இட்லிப் பானை திறந்தது மாதிரி ஆவி வரும். அந்தச் சூடு ஏறினால் புழு இருக்காது, கெட்ட வாடையும் இருக்காது. நாற்பது நாற்பத்தைந்து நாளில் கறுப்பாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு வந்துவிடும்.

சருகு தீர்ந்துபோகும்போதுதான் வம்பு. ஈரம் மட்டும் சேர்ந்தால் அழுகும், புளித்த நெடி தெரு முனை வரை வரும். எங்கள் பக்கத்தில் இது வைகாசி, ஆனியில் வரும், ஏனென்றால் பண்ருட்டிப் பலா இறங்குகிற நேரம். பலாச் சக்கையும் தோலும் தொட்டி தொட்டியாக வரும், பால் ஒட்டும், தண்ணீர் விடும். அதற்காகவே நாங்கள் மாசியிலேயே உதிர்ந்த சருகைச் சாக்கில் கட்டி வைப்போம். தெருவைப் பெருக்கிச் சருகைக் கொளுத்துகிற பழக்கம் இருக்கிறதே, அந்தச் சருகுதான் எங்களுக்குத் தங்கம். கொளுத்தாமல் கொண்டுவந்து கொடுங்கள்.

உங்கள் தெருக்காரர்களை ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, நன்றாக நடக்கிற ஒரு கூடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நான் எத்தனை விளக்கம் சொன்னாலும் அந்த ஒரு நடை போல வராது.

கேள்வி (செம்மண்டலம்): தெருவிளக்கையெல்லாம் எல்இடி ஆக்கினால் எவ்வளவு மிச்சம்?

250 வாட் சோடியம் விளக்குக்குப் பதில் 100 வாட் எல்இடி, இரவு 11 மணி நேரம் என்று வைத்தால் ஒரு விளக்கில் வருடத்துக்கு 600 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வருகிறது, அப்போது விளக்குக்கு 420 கிலோ. நல்ல வேலைதான். ஆனால் எல்லோரும் விளக்கைப் பார்க்கிறார்கள், மோட்டாரை யாரும் பார்ப்பதில்லை. உள்ளாட்சியின் கரண்ட் பில்லில் குடிநீர் ஏற்றுவதும் கழிவுநீர் தள்ளுவதும் பெரும்பங்கு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை 75 மீட்டர் ஏற்றம் என்றால், பழைய மோட்டார் பாதித் திறனில் ஓடும்போது ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 0.4 யூனிட் போகிறது. முனைத் தெருவில் வால்வு கசிந்து நாள் முழுக்க ஓடுகிற தண்ணீரோடு அந்தக் கரண்டும் சாக்கடையில் ஓடுகிறது. கசிவை அடைப்பதும் பழைய மோட்டாரை மாற்றுவதும் ரிப்பன் வெட்டுகிற வேலை இல்லை, அதனாலேயே தள்ளிப்போகிறது. மோட்டாரின் வயதைக் கேளுங்கள், யாராவது கேட்டால்தான் அந்தக் கோப்பு நகரும்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): பக்கத்திலேயே நெய்வேலி புகையுது. அதை விட்டுட்டு நம்ம பச்சைத் தொட்டியில என்னக்கா ஆகப்போகுது?

கேட்க வேண்டிய கேள்வி இது, மழுப்ப மாட்டேன். பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வருகிறது. நெய்வேலியின் அளவோடு ஒப்பிட்டால் ஒரு நகரத்துக் குப்பை சின்னதுதான், அந்த நிலையத்தின் மேல் எந்த நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் அதிகாரமும் கிடையாது. சுரங்க விரிவாக்கம் என்று வந்தால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே போய்ப் பேசுங்கள், எழுத்தில் கொடுங்கள். அது வேறு, இது வேறு, இரண்டும் வேண்டும்.

ஆனால் மீத்தேன் காற்றில் பன்னிரண்டு வருடம்தான் தங்கும். கரியமில வாயுவில் ஒரு பங்கு பல நூறு வருடம் இருக்கும். அதனால் இன்று மீத்தேனை நிறுத்தினால் பலன் நம் பிள்ளைகள் காலத்திலேயே தெரியும். அப்புறம், குப்பை மேட்டுச் சாறு இறங்குவது நம் நிலத்தடி நீரில்தான், மேடு தீப்பிடித்தால் அந்தப் புகை வருவது நம் வீட்டுக்குள்தான். நெய்வேலி நாளைக்கே நின்றாலும் இதை நாம் செய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): என்ன மரம் நடலாம்? எங்க வார்டுல கோனோகார்பஸ் வச்சிருக்காங்க.

கோனோகார்பஸ் வெளிநாட்டிலிருந்து வந்த அலங்கார மரம், அது வேண்டாம். 2025 ஜனவரியில் தமிழக அரசே தடை போட்டுவிட்டது. நீங்கள் இருக்கிற ஊரின் பெயரே பாதிரி மரத்தால் வந்தது, பாடலீசுவரர் கோயிலின் தலமரம் அது. உங்கள் தெருவில் ஒரு பாதிரியாவது நிற்கட்டும் என்பது என் ஆசை. கடலோரமானால் புன்னை, பூவரசு. உள்ளே வேம்பு, புங்கன், நாவல். வைக்க நல்ல நேரம் ஐப்பசி, வடகிழக்குப் பருவமழை தண்ணீர் ஊற்றிவிடும்.

வைப்பதைவிட முக்கியம், அடியில் மண் விடுவது. சிமெண்ட் கல் பதிக்கிற ஒப்பந்தக்காரர் அடிமரம் வரை பதித்துவிட்டுப் போய்விடுவார். வேருக்குத் தண்ணீரும் போகாது, பிடியும் இருக்காது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் நம் மாவட்டமே முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு மரம் சாய்வது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விடச் சொல்லி வேலை நடக்கும்போதே நின்று கேளுங்கள், முடிந்த பிறகு உடைக்க மாட்டார்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர், ஒரு பள்ளி ஆசிரியர்): மாணவர்களோடு உப்பனாற்றுக் கரையில் அலையாத்தி நடலாமா?

சார், ஆசை நல்லது. ஆனால் முதலில் அந்த இடத்துக்கு கடல் ஏற்றத் தண்ணீர் வந்து போகிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கி உப்புக் கூடின சேற்றில் எத்தனை செடி வைத்தாலும் காய்ந்துபோகும். பிச்சாவரத்தில் அழிந்த பகுதிகளை மீட்டபோது, முதலில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஏற்றத் தண்ணீரை உள்ளே விட்டார்கள், பிறகுதான் வெண்கண்டல், சுரபுன்னை என்ற அலையாத்தி மரங்கள் பிடித்தன. 2022ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. சேற்றுக்குள் கார்பனைப் பல காலம் பூட்டி வைக்கும் காடும் அதுதான்.

கழிமுகத்தில் கட்டட இடிபாடு கொட்டாமல் தடுப்பது உள்ளாட்சியின் வேலை. மாணவர்களை வைத்து எங்கெங்கே கொட்டுகிறார்கள் என்று படம் எடுத்துக் கொடுத்தால், நூறு செடி நடுவதைவிட அது பெரிய உதவி. நடவு என்றால் வனத்துறையைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி (புதுச்சேரி, லாஸ்பேட்டை): உங்களுக்குக் கவுன்சிலர் இருக்கார். எங்களுக்கு யாரு?

உண்மையான கஷ்டம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006ல்தான் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்துபோனது. அதன் பிறகு ஆணையரிடம்தான் போக வேண்டியிருந்தது. ஆனாலும் கையில் எதுவும் இல்லை என்று நினைக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஆகஸ்ட் 1லிருந்து அங்கே தடை இருக்கிறது, கடைத்தெருவில் நடக்கவில்லை என்றால் புகார் கொடுக்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை, எத்தனை குடும்பம் நிம்மதியாக நடக்கிறது பாருங்கள். இன்னும் இரண்டு தெருவுக்கு அதைக் கேட்கலாம். ஊசுட்டேரி உங்கள் பக்கம் 2008லிருந்து பறவைகள் சரணாலயம். கரைக்குக் குப்பை வருகிறதா என்று ஒரு ஞாயிறு காலை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (கம்மியம்பேட்டை): குளத்தைச் சுற்றி நடைபாதை, விளக்கு எல்லாம் போட்டுத் தர்றாங்க. நல்லதுதானே?

நடைபாதை சரி. நான்கு பக்கமும் நேராகச் சுவர் எழுப்பி, அடியிலும் சிமெண்ட் போட்டால் அது குளம் இல்லை, தொட்டி. மண் சரிவும் கோரையும் சம்பும் இருந்தால்தான் தண்ணீர் இறங்கும், நீர்க்கோழி கூடு கட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த நாட்களில், தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்ததைப் பார்த்தோம். நூறு சின்னக் குளம் சேர்ந்தும் ஆற்று வெள்ளத்தை நிறுத்தாது, ஆனால் தெருவில் விழுகிற மழைக்கு இடம் கொடுக்கும். வரத்து வாய்க்காலையும் சேர்த்துத் தூர்வாரச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் வாரினால் கோடையில் வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

கேள்வி (சொரக்கல்பட்டு): இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது?

பகுதி சபை, அதாவது வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடிப் பேசுகிற கூட்டம். 2022ல் இதற்கான விதிகள் வந்தன, வார்டுக் குழுவும் உண்டு. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை, வருடத்துக்கு ஆறு. "சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்" என்று பேசாதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நம் வார்டில் நேற்று எத்தனை கிலோ ஈரக் குப்பை உரக்கூடத்துக்குப் போனது, மேட்டுக்கு எவ்வளவு போனது, மோட்டாருக்குப் போன மாதம் எத்தனை யூனிட் என்று கேளுங்கள். முதல் கூட்டத்தில் எண் இருக்காது. மூன்றாவது கூட்டத்தில் கொண்டுவருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தேவனாம்பட்டினம், ஒன்பதாம் வகுப்பு மாணவி): ஆன்ட்டி, ஆமைக்குஞ்சு ரோட்டுப் பக்கம் வந்து செத்துப்போகுது. நாங்க என்ன செய்யலாம்?

கண்ணு, பங்குனி ஆமை நம் கரைக்கு ஏறக்குறைய தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும், ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். ஏழு வாரம் போல ஆனதும் குஞ்சு வெளியே வரும்போது எது வெளிச்சமோ அதுதான் கடல் என்று நினைத்துப் போகும். ராத்திரியில் கடலைவிடத் தெருவிளக்கு வெளிச்சமாக இருந்தால் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் அந்த மாதங்களில் கடலோர விளக்குகளைப் பத்து மணிக்கு மேல் மங்கலாக்க வேண்டும், வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் நிறம், வெளிச்சம் கீழே மட்டும் விழுகிற மாதிரி மூடி. கரண்டும் மிச்சம், குஞ்சும் பிழைக்கும். உன் வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, எந்த எந்தக் கம்பம் என்று எண் எழுதி, மார்கழிக்குள் கவுன்சிலரிடம் கொடுங்கள். குழியைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். கடிதத்தை நீயே எழுது, எழுதியதை எனக்குக் காட்டு, நானும் கூட வருகிறேன்.