20எக்ஸ் என்றால் 6எக்ஸை விட உசத்தியா?

டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், ரோடியோ (குதிரை, காளை அடக்கும் போட்டித் திருவிழா) தொடங்குமுன் கௌபாய் தொப்பி வாங்க வேண்டும், தொப்பியில் அச்சிட்டிருக்கும் எக்ஸ் எண் கூடினால் தரமும் கூடுமா என்று கேட்கிறீர்கள். ஒரே நிறுவனத்தின் ஃபெல்ட் (மயிரையோ கம்பளியையோ அழுத்திச் செய்த துணி) தொப்பிகளுக்குள் பெரும்பாலும் கூடும். நிறுவனம் மாறினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. அவரவர் வைத்ததே கணக்கு.

முன்பு எக்ஸ் என்பது ஃபெல்ட்டில் உள்ள பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) மயிரின் அளவைக் குறித்தது. பீவரின் அடிமயிர் நெருக்கமாகப் பின்னிக்கொள்வதால் தொப்பி மழையைத் தாங்கும், வடிவம் குலையாது. அடுத்த நிலை முயல் மயிர். மலிவான கம்பளி ஃபெல்ட் நன்றாக நனைந்தால் சுருங்கும், தொய்யும். வைக்கோல் தொப்பியிலும் எக்ஸ் உண்டு. அது பின்னலின் நெருக்கத்தைச் சொல்வது, ஃபெல்ட்டோடு ஒப்பிடவே கூடாது.

மதுரையிலிருந்து வந்த என் மைத்துனரை ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். 20எக்ஸ் என்று அச்சிட்ட ஒன்றை விற்பனையாளர் அவர் தலையில் வைத்துவிட்டார். "இதில் பீவர் எவ்வளவு?" என்று கேட்டேன். "உயர்தர மயிர்" என்றார். மறுபடி கேட்டேன், அதே பதில். பக்கத்தில் வேறு நிறுவனத்தின் 6எக்ஸ், விலையும் குறைவு. விரலால் தடவினால் வழவழப்பு, விளிம்பில் சொரசொரப்பே இல்லை. அதைத்தான் வாங்கிக்கொடுத்தேன். மைத்துனரோ ஊருக்குப் போய், "மச்சான் எண் குறைந்ததாகப் பார்த்து வாங்கித் தந்தார்" என்று சொல்லியிருக்கிறார்!   

நான் தொப்பி வியாபாரி இல்லைதான். "டெக்சாஸ்காரனுக்குச் சொல்லித் தருகிறாயா" என்று எழுத வருபவர்கள், எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் எக்ஸ் அட்டவணை ஒன்றைக் காட்டிவிட்டு எழுதட்டும்.

ரோடியோ மார்ச் மாதம் என்பதால் ஃபெல்ட்டே பொருந்தும், வைக்கோல் கோடைக்கு. எக்ஸைப் பார்க்கும் முன் தலைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தி, காதுகளுக்கு மேலே இடைவெளி விட்டால் உங்கள் தலை நீள்வாட்டம். கடையில் நீள்வட்ட அச்சில் செய்தது இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். உள்பட்டைத் தோல் சுருங்கிவிடும்.