சிவப்புக் கல்

அன்புள்ள அக்கா,

படைப்புக்காக, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் வீட்டுச் சடங்குக்காக, தேவகோட்டைக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் ஐந்து வயது மகளைப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மூன்று நாளும் ஒப்புக்குச் சப்பாணியாகவே வைத்திருந்தார்கள். அவளோ அவர்களைப் போலவே பேசுகிறாள், கையை ஆட்டுகிறாள். ‘ரோஷமே இல்லையா’ என்று திட்டிவிட்டேன். தலையிடாதே என்கிறார் கணவர். அடுத்த முறை கூட்டிப்போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஐந்து வயதுப் பிள்ளையிடம் ரோஷத்தைத் தேடியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது.

கானாடுகாத்தானில் ஆயா (பாட்டி) வீட்டில் நான்தான் கடைக்குட்டி, நான்தான் சப்பாணி. கண்ணாமூச்சியில் தூணுக்குப் பின்னால் நிற்பேன். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் தாண்டிப் போவார்கள். பெரிய அக்காக்கள் வளவுப் பத்தியில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஆத்தங்குடித் தரைக்கல்லில் சிவப்பை மட்டும் மிதித்து நடப்பார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. கால் எட்டாமல் விழுந்து, முட்டி சிராய்த்து, நானும் சிவப்பையே மிதித்தேன். ஆயா ஒன்றும் கேட்காமல் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

ஹேரியட் ஓவர், மலிண்டா கார்பென்டர் என்ற உளவியலாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் படம். அதில் ஆட்களே இல்லை, வெறும் வடிவங்கள். ஒன்று சேர வருகிறது, மற்றவை விலகிப் போகின்றன. அதைப் பார்த்த பிள்ளைகள், அப்புறம் ஒருவர் செய்துகாட்டியதை, விலக்கல் இல்லாத படம் பார்த்தவர்களைவிட அச்சு அசலாகச் செய்தார்கள். எதுவோ ஒதுக்கப்பட்டதைப் பார்த்ததற்கே இப்படி! உங்கள் மகளை மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘என்னையும் சேர்த்துக்கோங்க’ என்று அவள் கையால் கேட்கிறாள். அதற்கு வீட்டில் திட்டு.

கல்யாணமானால்தான் நம் நகரத்தார் கோவில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். அந்தக் கணக்கில் பெயர் ஏறுவதில் பெரியவர்களுக்கே எத்தனை அக்கறை! பங்காளி வீட்டில் ஓர் அழைப்பு விட்டுப்போனால் வருடக்கணக்கில் பேசாமல் இருக்கிறோம். அதே ஆசை ஒரு குழந்தைக்கு வந்தால் மட்டும் ரோஷம் கெட்டதாகிவிடுமா?

கூட்டிப்போங்கள், அதிலென்ன கேள்வி. கணவர் சொல்வதை விடுங்கள். வளவில் போய் உட்காருங்கள். பெரிய பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, இவளையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆயாவும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் ஓர் அண்ணன் என்னைத் தொட்டு ‘அவுட்டு’ என்றான். தேக்குத் தூணில் முகம் புதைத்து எண்ணத் தொடங்கினேன். இருபதுக்கு மேல் தெரியாது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

அன்புடன்,
அக்கா