ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் கையை ஆட்டுவதால் உண்மையில் என்ன நடக்கிறது? அந்த வேலையை எப்படிக் கற்பது?

கண்டக்டர் இல்லாமலும் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். மாஸ்கோவில் 1922 முதல் 1932 வரை இயங்கிய பெர்சிம்ஃபான்ஸ் அப்படிப்பட்ட முழு சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராதான். 1972இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்ஃபியஸும் கண்டக்டர் இல்லாத குழு. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு மெதுவாக, யார் யாரைவிடச் சத்தமாக என்பதையெல்லாம் வாசிப்பவர்களே பேசித் தீர்க்க வேண்டும். ஒத்திகை நேரம் அதிலேயே கரையும்.

மேடையில் கண்டக்டர் செய்வதில் முக்கியமானது தாளம் போடுவதல்ல, தாளத்துக்கு முந்தைய அசைவு. கை மேலே போய்த் திரும்பும் அந்த ஒரு அடிக்குள் காலப்பிரமாணம், சத்தத்தின் அளவு, தொடக்கம் வெட்டாகவா குழைவாகவா என்பது அத்தனையும் தெரிந்தாக வேண்டும். ஊதுபவர்கள் அந்த அசைவோடுதான் மூச்சிழுக்கிறார்கள். கண்டக்டரும் கூடவே மூச்சிழுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு கையை மட்டும் தூக்கினால் ஒபோ ஒரு நேரத்திலும் கிளாரினெட் ஒரு நேரத்திலும் நுழையும்.

பீத்தோவனின் 5ஆம் சிம்ஃபனியின் தொடக்கத்தைப் பாருங்கள். உலகமே அறிந்த அந்த நான்கு ஸ்வரங்கள், கண்டக்டருக்கு ஒரு கண்ணி. தாளம் 2/4 (பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, இரண்டு அடி), ஆனால் வேகத்தால் பாருக்கு ஒரே அடிதான் காட்டுவார்கள். முதல் பாரில் நான்கு சம பங்குகள்: முதலாவது மௌனம், மற்ற மூன்றில் ஒரே ஸ்வரம். நம் பாஷையில், சமத்தில் எடுப்பு இல்லை, தள்ளி எடுப்பு. கையின் அடி மௌனத்தில் விழ, அதிலிருந்து தெறித்துத்தான் வயலின்கள் கிளம்ப வேண்டும். அடி மந்தமாக விழுந்தால் மூன்று ஸ்வரமும் திஸ்ரம்போல உருண்டுபோகும். பாதுகாப்புக்காக இரண்டு முன்னடி காட்டினால், யாராவது ஒருவர் முதலாவதிலேயே பாய்ந்துவிடும் அபாயம் உண்டு. இன்னொன்று: அடுத்த பாரில் வரும் நான்காவது ஸ்வரம் நீண்டு நிற்கும்; இதே அமைப்பு உடனே மறுமுறை வரும்போது அந்த நீட்டல் முதலாவதைவிட ஒரு பார் அதிகம். ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் பகுதியும் ஒன்றாக எழுதிய இசைத்தாளை) மேலோட்டமாகப் பார்த்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

தொடங்கியபின் வரும் பெரிய தவறு, ஒலிக்காகக் காத்திருப்பது. கடைசி வரிசை டிராம்போன் 15 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி கண்டக்டரை எட்ட 0.044 விநாடி ஆகும். கேட்டுவிட்டு அடுத்த அடியைப் போட்டால் ஒவ்வொரு பாரிலும் வேகம் இறங்கும். வாசிப்பவர்கள் மேல் பழி போடுவதில் பயனில்லை, அவர்கள் கைக்குத்தான் வாசிக்கிறார்கள். அடுத்தது, வேகமான இடத்தில் பெரிதாக வீசுவது. கை போகவேண்டிய தூரம் கூடினால் வேகம் தானாகக் குறையும்.

மேடைக்கு முந்தைய வேலைதான் அதிகம். முதலில் ஸ்கோரை வாக்கியங்களாகப் பிரியுங்கள்: எத்தனை பார் சேர்ந்து ஒரு வாக்கியம், எங்கே கணக்கு உடைகிறது என்று. பிறகு வாத்திய மாற்றங்கள், அதாவது எந்த வாத்தியம் தாளில் எழுதியதிலிருந்து வேறு ஸ்வரத்தில் ஒலிக்கும் என்பது. பி-ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும், எஃப் ஹார்ன் ஐந்தாம் ஸ்வர தூரம் கீழே. ஹார்ன்காரர் "என் தாளில் இது சி-யா, சி-ஷார்ப்பா?" என்று கேட்டால் அவர் தாளில் உள்ள பெயரிலேயே உடனே பதில் வர வேண்டும். வில் மேலா கீழா என்பதை கன்சர்ட்மாஸ்டருடன் (முதல் வயலின்களின் தலைவருடன்) முடிவு செய்து, முதல் ஒத்திகைக்கு முன்பே எல்லாத் தந்தி வாத்தியத் தாள்களிலும் பென்சிலால் குறித்துவிடுங்கள். இதை ஒத்திகையில் தொடங்கினால் முக்கால் மணி நேரம் போயிற்று.

ஒத்திகையில் நிறுத்தினால் மூன்றே செய்தி: யார், எங்கே, என்ன. "இரண்டாம் வயலின், ஜி எழுத்துக்கு முன்னால் 5 பார், இன்னும் குறுகலாக." தாளில் இடம் காட்ட அச்சிட்ட அந்த எழுத்தை முதலில் சொல்லி, பார்களை எண்ண அவகாசம் கொடுங்கள். ஒருவர் ஒருமுறை தப்பாக வாசித்ததற்காக நிறுத்தாதீர்கள், அவருக்கே தெரியும். திரும்ப வந்தால் நிறுத்தலாம். முழுக் குழுவும் தேவைப்படும் பகுதியை முதலில் எடுத்து, வேலை முடிந்த பித்தளை வாத்தியக்காரர்களை அனுப்பிவிடுவது மரியாதை.

கற்பது எப்படி? நான்கடிச் சைகை (கீழே, உள்ளே, வெளியே, மேலே) ஒரு வாரத்தில் வந்துவிடும். இடது கை வலதைக் காப்பியடிக்காமல் இருக்கத்தான் மாதங்கள் ஆகும். வலது கை நான்கடி போட, இடது கை எட்டு அடிக்கு மெல்ல உயர்ந்து எட்டு அடிக்கு இறங்கட்டும். தினம் பத்து நிமிடம் போதும்.

நல்ல ஆசிரியர் சேர்ப்பதைவிடக் களைவதே அதிகம். 1973 முதல் 1993 வரை ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமியில் கற்பித்த யோர்மா பனுலா, மாணவர்களை வீடியோ எடுத்துப் பார்க்க வைப்பதில் பேர்போனவர். கண்டக்டர்கள் சலோனென், சாரஸ்தே எல்லாம் அவர் மாணவர்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு உங்கள் வீடியோவைப் பாருங்கள். எந்த அசைவு எந்த இசையைக் கேட்கிறது என்று புரியவில்லையா, அந்த அசைவு வேண்டாம்.

மற்றவர்களின் ஒத்திகையைப் பார்ப்பதற்கு ஈடில்லை. வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்த, பின்னாளில் கண்டக்டர்களாகப் புகழ்பெற்ற ஜுபின் மேத்தாவும் கிளாடியோ அப்பாடோவும், பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைக்குள் நுழைவதற்காகவே ஒரு பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார்கள். இன்றும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. பிறகு ஓபரா அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பயிற்சி தருவது, உதவிக் கண்டக்டராக அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து எந்த வாத்தியம் மற்றவற்றின் சத்தத்தில் மூழ்குகிறது என்று சொல்வது. உதவியாளர் நிகழ்ச்சி முழுவதையும் தயாராக வைத்திருக்க வேண்டும். 1943 நவம்பர் 14 அன்று நடத்தவேண்டிய கண்டக்டர் ப்ரூனோ வால்டர் உடல்நலமின்றிப் போக, 25 வயது உதவிக் கண்டக்டர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் முன் நின்றது அப்படித்தான்.

கைக்கு ஆர்கெஸ்ட்ரா கிடைக்காதவர்கள், ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும்படி எழுதப்பட்ட சிம்ஃபனித் தாளை எடுத்து அந்த இருவரை நடத்திப் பழகலாம். உங்கள் முன்னடி தெளிவாக இல்லையென்றால் இரண்டு பேரும்கூடச் சேர்ந்து தொடங்க மாட்டார்கள்.