இரண்டு பாஸ்போர்ட், ஒரு ராக்கெட்

வணக்கம் சார்,

எனக்கு டென்னிஸ் பைத்தியம் உண்டு. உலகத் தரவரிசையில் ஐந்நூறுக்கும் கீழே இருக்கும் ஒரு வீரரைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அவரிடம் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. போன வருடம் வரை பெயருக்குப் பக்கத்தில் பிறந்த நாட்டின் கொடி, இப்போது வேறொன்று. இது துரோகம் இல்லையா? இத்தனை வருடம் ஆடியும் முதல் நூறுக்குள் வராதவர் ஏன் இன்னும் ஆடவேண்டும்? வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் வம்சாவளியினர் ஏன் இந்தியாவுக்கு ஆட முடிவதில்லை?

கா.

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கக் குடிமகனான பிரகாஷ் அமிர்தராஜ், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் நமக்காக ஆடிக்கொண்டிருந்தார். இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஆடக்கூடாது என்று 2008இல் அரசு சொல்லிவிட்டது. சரியா தவறா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை.

'துரோகம்' என்ற சொல்தான் இரண்டு நாளாக உறுத்துகிறது. எலினா ரைபாகினா மாஸ்கோவில் பிறந்தவர். கஜகஸ்தான் டென்னிஸ் சம்மேளனம் பண உதவி செய்ய முன்வந்தது, 2018இல் அந்த நாட்டுக்கு மாறினார். 2022இல் விம்பிள்டன் வென்றார். அவரைத் துரோகி என்று நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை. உங்கள் கைக்கு ஐந்நூறாம் இடத்துக்காரர்தான் அகப்பட்டார், இல்லையா?

அவருடைய வரவு செலவு தெரியுமா உங்களுக்கு? அடிமட்டத்தில் 'எம்15' என்று ஒரு வகைப் போட்டி. பரிசு 15,000 டாலர் என்பார்கள். வெல்கிறவர் அள்ளிக்கொண்டு போகிறார் என்று தோன்றும். அந்தத் தொகை ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் சேர்த்து. ஒற்றையர் சாம்பியனுக்கே 2,160 டாலர்தான். முதல் சுற்றில் தோற்கும் 16 பேருக்கு ஆளுக்கு 156 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். விமானம், அறை, சாப்பாடு, அறுந்துபோகும் ராக்கெட் நரம்பு எல்லாம் கைக்காசு. 2024 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்குக்கூட 60,000 பவுண்டு. அங்கே சில இடங்களைத் தரவரிசை பார்க்காமல் வைல்டு கார்டாகக் கொடுப்பார்கள், பெரும்பாலும் உள்நாட்டுக்காரர்களுக்கு. ஐந்நூறாம் இடத்தில் இருப்பவருக்குத் தகுதிச்சுற்றில் ஓர் இடம் கிடைத்தாலே பல மாதம் வண்டி ஓடும். கொடியைப் பற்றிப் பேசுமுன் அந்த 156ஐயும் 60,000ஐயும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்கலாம்.

மாறுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஸ்லோவேனியாக்காரரான அல்யாஷ் பெடெனே 2015இல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். ஒரு நாட்டுக்காக டேவிஸ் கோப்பை ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆடமுடியாது என்ற விதி அதே வருடம் ஜனவரியில்தான் அமலுக்கு வந்திருந்தது. அவரோ அதற்குமுன் ஸ்லோவேனியாவுக்காக ஆடியிருந்தார். மேல்முறையீடு செய்தும் பலிக்கவில்லை. ஒலிம்பிக் ஆசை வேறு. 2018இல் பழைய கொடிக்கே திரும்பினார். அவர் முதல் ஐம்பதுக்குள் வந்தவர், தாங்கினார்.

எம்15 மாதிரி ஒரு சின்னப் போட்டியைப் பார்க்க ஒருமுறை போயிருந்தேன். பந்து பொறுக்கப் பையன்கள் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு ஆட்டக்காரரே பின்வேலி வரை நடந்துபோய், ராக்கெட் நுனியால் பந்தைத் தட்டி எழுப்பி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்புவார். முப்பதைத் தாண்டியவர். மூன்றாவது செட்டில் தோற்றார். அப்புறம் இரட்டையருக்கு ஜோடி கிடைக்குமா என்று அங்கிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். யாரும் மிச்சமில்லை.

ஈரச் சட்டையை நாற்காலி முதுகில் விரித்துவிட்டுப் பையைக் கட்ட ஆரம்பித்தார். ரப்பர் பேண்டு போட்ட இரண்டு பாஸ்போர்ட்டுகள், சாக்ஸுக்கு நடுவே. உங்களைப் போலவே நானும் அசட்டுத்தனமாகக் கேட்டேன், ஏன் இன்னும் ஆடுகிறீர்கள் என்று. போன வருடம் இதே வாரம் எடுத்த தரவரிசைப் புள்ளிகள் திங்கட்கிழமை கழிந்துவிடும், இன்று ராத்திரி பஸ்ஸைப் பிடித்தால்தான் அடுத்த போட்டியின் தகுதிச்சுற்றுக்குப் போய்ச்சேர முடியும் என்றார். கேள்விக்கு வேறு பதில் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சட்டை காய்ந்ததா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரத்தோடேயே பைக்குள் திணித்தார்.