எம்.பி. கேள்வி கேட்டதால் என் சோலார் மானியம் நின்றுவிட்டதா?

கேள்வி: வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு நாலு மாதம் ஆகிறது. போகும் மின்சாரம், வரும் மின்சாரம் இரண்டையும் அளக்கும் நெட் மீட்டரும் வைத்துவிட்டார்கள். 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் மட்டும் வரவில்லை. மானியத் தாமதம் பற்றி மக்களவையில் எம்.பி. ஒருவர் கேட்டதாகவும், அமைச்சர் எழுத்தில் பதில் கொடுத்ததாகவும் பேப்பரில் படித்தேன். அந்தப் பதிலைக் காட்டிப் பணம் கேட்கலாமா? பேனல் போட்டுக் கொடுத்தவர், “விஷயம் பார்லிமென்ட் வரை போனதால் நிதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 6,000 ரூபாய் கொடுங்கள், டெல்லியில் ஆள் வைத்து ரிலீஸ் செய்து தருகிறேன்” என்கிறார். மின் இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கு என் பெயரில். எங்கள் எம்.பி.யைச் சபையில் கேட்கச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில், அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அந்தப் பேச்சில் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் தொகையையும் தேதியையும் எழுதி இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ரசீது கேளுங்கள். ரசீது தராவிட்டாலும் அந்தச் செய்தி உங்கள் கையில் இருக்கும்.

நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததால் யாருடைய மானியமும் நிற்பதில்லை. கேள்வி எழுந்ததாலேயே வந்துவிடுவதும் இல்லை. நீங்கள் படித்தது எழுத்துப்பூர்வ பதில். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வி போட்டுக் குடையலாம். மக்களவையில் நாளொன்றுக்கு அப்படி 20 கேள்விதான் பட்டியலில் ஏறும். குறியிடாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தயாரித்து அவை மேசையில் வைத்துவிடுவார்கள். அது அரசு அவைக்குத் தரும் தகவல். அதைக் கொண்டுபோய் மின்வாரிய அலுவலகத்தில் நீட்டினால், “இதில் எங்களுக்கு உத்தரவு எதுவும் இல்லையே” என்று திருப்பிக் கொடுப்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

ஆனாலும் சன்சத் டாட் இன் தளத்தில் அந்தப் பதிலைத் தேடி முழுதாகப் படியுங்கள், காசு கேட்க மாட்டார்கள். பேப்பர்காரர்கள் பாதியைத்தான் போடுகிறார்கள். கேள்வியில் அ, ஆ, இ, ஈ என்று நாலைந்து பகுதி இருக்கும். பதில் “(அ) முதல் (உ) வரை” என்று ஒரே மூட்டையாக வரும். உங்களுக்கு மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு 2026-27க்குள் ஒரு கோடி வீடு, மாநில வாரியான எண்ணிக்கை இணைப்பில். ‘எத்தனை பேர் எத்தனை நாளாக மானியத்துக்குக் காத்திருக்கிறார்கள், எந்தக் கட்டத்தில்?’ என்று உறுப்பினர் கேட்டதற்கு மட்டும் அதில் நேரான பதில் இருக்காது. இப்படிப்பட்ட பதில்களைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். ஒரு முறைகூட மனது ஆறியதில்லை. 2022க்குள் மொட்டைமாடிகளில் மட்டும் 40 ஜிகாவாட் என்று இதே நாடு இலக்கு வைத்துத் தவறவிட்டது. இப்போது 2030க்குள் புதைபடிவமல்லாத வழிகளில் 500 ஜிகாவாட் என்கிறோம். கடன் வாங்கிப் பேனல் போட்ட குடும்பம் மானியத்துக்கு நாலு மாதம் அலைந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி முன்வருவார்? எம்.பி.க்கள் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இன்னொரு சிக்கல். மானியப் பணம் டெல்லியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்திடம். மீட்டர் வைத்து, ஆய்வு செய்து, திட்டத்தின் இணையதளமான போர்ட்டலில் ‘சரி’ என்று ஏற்றுவது இங்கே நம் மின்வாரியம். மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருப்பதால், டெல்லியில் கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டுவார்கள், இங்கே கேட்டால் போர்ட்டலைக் கைகாட்டுவார்கள். நடுவில் நிற்பவர் நீங்கள். இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

அவர் பயன்படுத்தும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மட்டுமில்லை, இதைப் படிக்கும் எல்லோருக்கும்.

விண்ணப்பத்தில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது? ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் மஞ்சள் பையில் காகிதங்களோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய விண்ணப்பத்தைத் திறக்கலாம் என்று ஓ.டி.பி. கேட்டோம். அம்மாவின் போனில் எதுவும் வரவில்லை. துணைக்கு வந்திருந்த கடைப் பையனின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. விண்ணப்பம் போட்டதே கடையின் எண்ணில். விசாரித்தபோது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை இரண்டும் அந்தக் கடையில்தான் இருந்தன. மானியம் அம்மாவின் கணக்கில் விழும் அன்றே எடுத்துக்கொள்ள ஏற்பாடு. ‘மானியம் போக விலை இவ்வளவு’ என்று அவரிடம் பேசியிருந்தார்கள். மானியம் நுகர்வோர் கணக்குக்குத்தான் நேராக வரும், விற்பனையாளருக்கு வராது. மானியம் போக என்று விலை சொல்கிறவர் உங்கள் காசோலையைக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். கொடுத்திருந்தால் அந்தக் காசோலை எண்களை வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது பேனல். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இரண்டுமே இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம். டி.சி.ஆர். பேனல் என்பார்கள். விலை கூடுதல். கொட்டேஷனில் டி.சி.ஆர். எழுதிவிட்டு மாடியில் வேறொன்றை ஏற்றிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு பேனலின் ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணையும் போட்டோ எடுங்கள். போர்ட்டலில் ஏற்றிய எண்களோடும் டி.சி.ஆர். சான்றிதழில் உள்ள எண்களோடும் ஒப்பிடுங்கள். ஒரு எண் மாறினாலும் ஃபைல் நிற்கும். இன்வெர்ட்டரின் திறனையும் பாருங்கள். பேனல் 3 கிலோவாட் இருந்து இன்வெர்ட்டர் அதற்குக் குறைவாக இருந்தால், குறைவான திறனுக்குத்தான் மானியம் கணக்கிடுவார்கள்.

மூன்றாவது மிகச் சாதாரணமான ஒன்று. நெட் மீட்டர் வைத்து, மின்வாரியம் ஆய்வை ஏற்றிய பிறகு, நுகர்வோர் தானே போர்ட்டலில் வங்கி விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் ஏற்றி மானியம் கோர வேண்டும். அதற்குப் பிறகு 30 நாளுக்குள் பணம் என்பதுதான் திட்டம் சொன்ன கணக்கு. தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. உங்கள் நாலு மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணினீர்கள்? பேனல் மாட்டிய நாளிலிருந்தா, கோரிக்கை வைத்த நாளிலிருந்தா? உள்ளே நுழைந்து அதை முதலில் பாருங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் பணம் நிற்கும் இடம் அப்பாவின் பெயர்தான். போர்ட்டலில் சர்வீஸ் எண்ணைப் போட்டதும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர்தான் வந்திருக்கும். கணக்கு உங்கள் பெயரில். விண்ணப்பதாரர் பெயரும் கணக்கின் பெயரும் ஒத்துப் போகாத கோரிக்கை நகராது. அப்பா இருந்தபோது இருவர் பெயரிலும் தொடங்கிய கணக்கு இருந்தால் அதைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். இறந்தவர் உயிரோடு இருப்பதுபோல் பணம் வாங்கினதாக ஆகிவிடும். “புது இணைப்பு வாங்கித் தருகிறேன்” என்று விற்பனையாளர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நெட் மீட்டர் பழைய எண்ணில் இருக்கிறது. புது எண் வாங்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நேரான வழி, இணைப்பின் பெயர் மாற்றம். அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் எழுதித் தரும் சம்மதம், கடைசியாகக் கட்டிய பில் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வெளியூரில் இருக்கும் வாரிசு ஒருவரின் கையெழுத்து கிடைக்காவிட்டால், பின்னால் தகராறு வந்தால் நானே பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். அப்பா உங்கள் பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்திருந்தால் அந்தப் பத்திரத்தையே காட்டலாம், மற்றவர்கள் சம்மதத்துக்கு அலைய வேண்டாம். தங்கைகள் தயங்கினால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: மின் இணைப்பின் பெயர் மாறுவதால் வீட்டின் உரிமை மாறாது. கரண்ட் பில் உரிமைப் பத்திரம் ஆகாது. பட்டாவும் பத்திரமும் இருக்கிறபடியே இருக்கும். இந்த ஒரு பயத்தால் எத்தனையோ வீடுகளில் இருபது வருடமாக இறந்தவர் பெயரில் பில் வந்துகொண்டிருக்கிறது.

பெயர் மாறியதும், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, போர்ட்டலிலும் பெயரைத் திருத்த வேண்டும் என்று உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே நாளில் திட்டத்தின் உதவி எண் 15555க்குப் பேசிப் புகார் எண் பெறுங்கள். மின்வாரியத்தின் பக்கம் இழுத்தால் அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பிறகும் நகராவிட்டால் மத்திய அரசின் பொதுக்குறை தீர்ப்புத் தளத்தில் போடுங்கள், 21 நாளில் தீர்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கெடு. கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அமைச்சகத்தைக் கேளுங்கள்: இந்த விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்தக் கட்டத்தில், என்ன காரணத்தால் நிற்கிறது? 30 நாளில் பதில் தர வேண்டும். டெல்லியில் இருக்கும் ஆளைப் பிடிக்க 6,000 ரூபாய் கேட்கிறாரே, அந்த ஆள் சொல்லக்கூடியதெல்லாம் இந்தப் பத்து ரூபாயில் அரசு முத்திரையோடு கிடைக்கும்.

இனி எம்.பி. விஷயம். தனி ஒருவரின் குறையைச் சபைக் கேள்வியாக ஏற்க மாட்டார்கள். ஏற்றாலும் 15 நாள் முன்னறிவிப்பு, குலுக்கல் எல்லாம் தாண்டி வர வேண்டும். உங்கள் ஃபைலுக்கு எம்.பி. அமைச்சருக்கு எழுதும் கடிதம் போதும். அவருடைய தொகுதி அலுவலகத்தில் ஒரே பக்க மனு கொடுங்கள்: விண்ணப்ப எண், கோரிக்கை வைத்த தேதி, பெயர் மாற்ற உத்தரவின் நகல். குடும்பக் கதை வேண்டாம், எண்கள் இருந்தால்தான் அந்தக் கடிதம் அமைச்சகத்தில் சரியான மேசைக்குப் போகும்.

மனுவின் கீழே, சபையில் கேட்பதற்கென்று தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, கொள்கையைப் பற்றியதாக இருக்க வேண்டும். பகுதிகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பதில் சொல்ல இடம் கொடுக்காதபடி எண்ணிக்கையாகவே கேட்க வேண்டும். ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைப் பார்க்க நாடாளுமன்றத்தில் ஒரு குழு இருக்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘தமிழ்நாட்டில் ஆய்வு முடிந்து, மானியம் கோரி, 30 நாளுக்கு மேல் காத்திருக்கும் வீடுகள் எத்தனை? 90 நாளுக்கு மேல் எத்தனை? அவற்றில் பெயர் ஒத்துப் போகாததால் நிற்பவை எத்தனை? மின் இணைப்பு இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் போர்ட்டலில் பெயரைத் திருத்த என்ன வழி, எத்தனை நாளில்?’